நாவும் பெயரும்: பேராக் தமிழ் வகுப்பறையில் எழுத்துகளின் பிறப்பு

முன்னுரை

ஒலிகள் எங்கே, எவ்வாறு பிறக்கின்றன என்பதை விளக்குவது தமிழ் இலக்கணத்தின் பழைய பணிகளுள் ஒன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களுள் மூன்றாவதாகிய பிறப்பியல் இதற்கென்றே அமைந்தது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிலும் எழுத்துகளின் வகைப்பாடு தொடக்க வகுப்புகளிலேயே கற்பிக்கப்படுகிறது. வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் பெயர்களை ஒப்பிக்க இயலாத மாணவரைக் காண்பது அரிது. ஆயினும், அப்பெயர்கள் எதனைக் குறிக்கின்றன, அவ்வொலிகளை எழுப்பும்போது வாயினுள் நிகழ்வது யாது என்று வினவினால் விடை கிடைப்பதும் அரிதாகவே உள்ளது.

பேராக் மாநிலத்தில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல ரப்பர்த் தோட்டங்களில் தோன்றிப் பின்னர்ப் பட்டணத்து ஓரங்களுக்கு இடம்பெயர்ந்தவை. இத்தகைய வகுப்பறைகளில் நாம் பன்முறை கேட்ட உரையாடல் ஒன்றுண்டு. மாணவர் ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாலைப்பலம்’ என வாசிக்கிறார். ஆசிரியர், ‘தவறு, அது சிறப்பு ழகரம்’ என்கிறார். மாணவர் அதே லகரத்தை இன்னும் உரக்கச் சொல்கிறார். ஆசிரியர் கூறியது எழுத்தின் பெயர். மாணவருக்குத் தேவைப்பட்டதோ நாவின் இடம்.

இவ்விடைவெளியையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. நம் இலக்கண மரபு ஒலிகளை உறுப்பின் இயக்கத்தால் வகுத்தது. நம் வகுப்பறை அவ்வகுப்பின் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு இயக்கத்தைக் கைவிட்டது. அதன் சுமை இன்று மாணவர் மீது தவறாக ஏற்றப்படுகிறது என்பது நாம் நிறுவ விரும்பும் கருத்தாகும்.

பிறப்பியலின் நோக்கு

தொல்காப்பியர் உந்தியிலிருந்து எழும் காற்றில் தொடங்குகிறார். அக்காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் செயலால் வெவ்வேறு எழுத்தொலியாகிறது என்பது அவர் கருத்து. இன்றைய ஒலியியலும் நுரையீரலிலிருந்து வெளிவரும் காற்று, குரல்வளையின் செயல், வாயறை மற்றும் மூக்கறையின் வடிவம் என்னும் மூன்றையே அடிப்படையாகக் கொள்கிறது. சொற்கள் வேறாயினும் நோக்கு ஒன்றே.

மெய்களைக் கூறும் முறை இன்னும் கூர்மையானது. ககர ஙகரம், சகர ஞகரம், டகர ணகரம், தகர நகரம், றகர னகரம், பகர மகரம் என ஆறு இணைகளாக அவர் வகுக்கிறார். ஒவ்வோர் இணையிலும் ஒன்று வல்லெழுத்து, மற்றொன்று மெல்லெழுத்து. இரண்டுக்கும் வாயில் அடைப்பு நிகழும் இடம் ஒன்றே. வேறுபாடு மூக்கு வழி திறந்துள்ளதா என்பதில் உள்ளது. மூக்கைப் பொத்திக்கொண்டு ‘அப்பா’ எனச் சொல்லிவிடலாம். ‘அம்மா’ எனத் தெளிவாகச் சொல்ல இயலாது. இம்மிக எளிய சோதனையொன்றே வல்லினத்துக்கும் மெல்லினத்துக்கும் உள்ள உறவை ஏழு வயதுக் குழந்தைக்கு விளக்கப் போதுமானது.

இடையின எழுத்துகளில் தொல்காப்பியர் இரண்டு வினைகளைப் பிரித்துக் காண்கிறார். ஒன்று ஒற்றுதல், மற்றொன்று வருடுதல். ரகரமும் ழகரமும் நுனிநா மேல்நோக்கி அண்ணத்தை வருடுவதால் பிறப்பன. லகரமும் ளகரமும் நாவின் விளிம்பு தடித்துப் பிறப்பன. அவற்றுள் லகரத்துக்கு ஒற்றுதலும் ளகரத்துக்கு வருடுதலும் கூறப்படுகின்றன. இன்று ல, ள ஆகியவற்றை மருங்கொலிகள் என்கிறோம். நாவின் நடுப்பகுதி வழியை அடைக்க, காற்று நாவின் மருங்குகளில் வெளியேறுவதால் அப்பெயர். நாவிளிம்பைத் தனியே குறித்த பழைய நூலாசிரியர் இவ்வேறுபாட்டை உணர்ந்தே கூறினார் எனலாம்.

இதனால் பிறப்பியலில் இன்றைய ஒலியியல் முழுவதும் அடங்கிவிட்டது என்று கூறுவது பொருந்தாது. அதன் எல்லையைத் தொல்காப்பியரே கூறுகிறார். உள்ளே எழும் காற்றின் அளவை அந்தணர் மறைக்கு விட்டு, புறத்தே புலப்படும் ஒலியையே தாம் எடுத்துக்கொண்டதாக அவர் இயலை முடிக்கிறார். மேலும், றகரத்துக்கு மேல்நோக்கி வளையும் நாவைக் கூறும் அவர், டகரத்துக்கு நுனிநாவையும் நுனி அண்ணத்தையும் கூறுகிறார். இன்று நம் வாயில் பின்னோக்கி வளைவது டகரத்துக்கே. ஆதலின் நூற்பாவை அவ்வாறே எடுத்து வகுப்பறைக் குறிப்பாகக் கொள்ள இயலாது. நாம் பெற வேண்டியது அவர் முடிவுகளை மட்டுமன்று. வாயைக் கவனித்து வகுக்கும் அவர் முறையையும் ஆகும்.

வகுப்பறை எடுத்துக்கொண்டது எது?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வல்லினத்துக்கு நெஞ்சையும், மெல்லினத்துக்கு மூக்கையும், உயிருக்கும் இடையினத்துக்கும் மிடற்றையும் இடமாகக் கூறுகிறது. அதன் பின்னர் இதழ், நா, பல், அண்ணம் ஆகியவற்றின் தொழிலைத் தனித்தனியே விளக்குகிறது. முதலிற் கூறியது காற்றின் வழி பற்றியது. பின்னர்க் கூறியது உறுப்பின் முயற்சி பற்றியது. இரண்டும் சேர்ந்தே ஓர் எழுத்தின் பிறப்பு முழுமை பெறுகிறது.

நாம் பார்த்த பயிற்சி ஏடுகளிலும் வகுப்பறைக் குறிப்புகளிலும் பெரும்பாலும் எஞ்சியிருப்பது முதற்பாதியே. ‘வல்லினம் நெஞ்சில் பிறக்கும், மெல்லினம் மூக்கில் பிறக்கும், இடையினம் கழுத்தில் பிறக்கும்’ என்பது ஒரு வாய்பாடாக மனனம் செய்யப்படுகிறது. இவ்வாய்பாட்டைக் கொண்டு எந்த மாணவரும் டகரத்தையும் தகரத்தையும் வேறுபடுத்த இயலாது. இரண்டும் நெஞ்சில் பிறப்பன என்றே அது கூறும். லகரத்தையும் ழகரத்தையும் வேறுபடுத்தவும் இயலாது. இரண்டும் கழுத்தில் பிறப்பன என்றே அது கூறும்.

எழுத்துப் பெயர்களிலும் இதே நிலை காணப்படுகிறது. ண, ந, ன ஆகிய மூன்றுக்கும் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்னும் பெயர்கள் மரபில் உண்டு. டகரத்துக்கு முன் வருவது முதலாவது. தகரத்துக்கு முன் வருவது இரண்டாவது. றகரத்துக்கு முன் வருவது மூன்றாவது. வண்டு, பந்து, கன்று என்னும் சொற்களைச் சொல்லிப் பார்த்தால் நாவே அவ்விடங்களுக்குச் செல்வதை உணரலாம். இப்பெயர்கள் தம்முள் ஒலியியல் விளக்கத்தைக் கொண்டவை. இவற்றுக்கு மாற்றாக வகுப்பறையில் வழங்கும் ‘மூன்று சுழி’, ‘இரண்டு சுழி’, ‘பெரிய ற’, ‘சின்ன ர’ ஆகியவை எழுதும் கையை நோக்கியவை. எழுத்துக்கூட்டலுக்கு அவை உதவலாம். உச்சரிப்பைத் திருத்த அவை உதவா.

ஊர்ப்பெயர்கள் தரும் சான்று

தமிழரின் செவியும் நாவும் ஒலியிடங்களை அறியாதவை என்று இதனால் கருதிவிடலாகாது. அவற்றின் நுண்மைக்குப் பேராக் மாநிலத்தில் தமிழர் வழங்கும் மலாய்ப் பெயர்களே சான்று.

ஈப்போ என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். மலாயில் அச்சொல்லின் நடுவில் உள்ளது ஒற்றைப் பகர ஒலி. தமிழில் உயிர்களுக்கிடையே வரும் ஒற்றைப் பகரம் மென்மையடைந்து குரல்நாண் அதிர்வுடன் ஒலிக்கும். ‘அபாயம்’ என்பதில் அதனைக் கேட்கலாம். அவ்வதிர்வைத் தவிர்க்கவே தமிழர் பகரத்தை இரட்டித்தனர். தாப்பா, கோப்பெங், தைப்பிங் ஆகிய பெயர்களிலும் இவ்விதியே செயல்படுகிறது. கம்பார் என்னும் ஊர்ப்பெயரில் மலாய் ஒலிப்பு அதிர்வற்ற பகரத்தை உடையது. தமிழிலோ மகரத்தை அடுத்த பகரம் அதிர்ந்தே ஒலிக்கும். எனவே ‘கம்பு’ என்னும் சொல்லில் போலவே அவ்வூர்ப் பெயரும் ஒலிக்கலாயிற்று. சுங்கை சிப்புட் என்பதன் முதற்சொல்லில் மலாயர் ககரத்தை ஒலிப்பதில்லை. ஙகரத்தை அடுத்து உடனே உயிர் வருகிறது. தமிழில் ஙகரம் அவ்வாறு உயிரேறி வருவது அரிது. ஆகவே அதன் இனமாகிய ககரம் தானே வந்து சேர்ந்தது.

இவற்றினும் கருதத்தக்கது தகர டகர வேறுபாடு. மலாயில் தகர இன ஒலிகளாக நாம் கருதும் இரண்டும் ஓரிடத்தில் பிறப்பன அல்ல. அதிர்வற்ற ஒலி பல்லில் பிறக்கிறது. அதிர்வுடைய ஒலி சற்றுப் பின்னே, பல்லின் ஈற்று மேட்டில் பிறக்கிறது. தமிழர் முதலாவதைத் தகரமாகவும் இரண்டாவதை டகரமாகவும் கேட்டனர். ரம்புத்தான், தாமான் ஆகியவற்றில் தகரமும், டுரியான், பீடோர் ஆகியவற்றில் டகரமும் அவ்வாறே வந்தன. டத்தோ என்னும் ஒரே சொல்லில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. இச்சொற்களை முதலில் வழங்கியோர் ஒலியியல் பயின்றவர் அல்லர். ஆயினும் மலாய் எழுத்தும் வெளிப்படையாகக் காட்டாத நாவிட வேறுபாட்டை அவர்கள் செவி பிரித்தறிந்தது.

இங்கே வேறொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. பத்து காஜா என்னும் ஊர்ப்பெயரைப் பேராக் தமிழர் குரல்நாண் அதிர்வுடனேயே தொடங்குவர். எண்ணுப்பெயராகிய பத்தில் அவ்வதிர்வு இல்லை. எழுத்து ஒன்றாக இருக்க, ஒலியால் மட்டும் பொருள் வேறுபடும் இணை இது. அதிர்வு பொருளை வேறுபடுத்தாது என்னும் தமிழ் ஒலியமைப்பின் பழைய பண்பு, கடன்சொற்களால் இம்மண்ணில் நெகிழ்ந்து வருகிறது. ஆதலின் பேராக் தமிழின் ஒலிகளை வகைப்படுத்துவோர் தமிழ்நாட்டு விளக்கங்களை மட்டும் கொண்டு நிறைவடைய இயலாது.

லகர ழகர ளகரம்: தவறான கூட்டு

நம் பாடநூல்களிலும் பயிற்சிகளிலும் ல, ழ, ள ஆகிய மூன்றும் ஒரு கூட்டாகவே வருகின்றன. மாணவர் மயங்கும் எழுத்துகள் என்பதால் அவ்வாறு சேர்க்கப்பட்டன. அது பிழைகளின் கூட்டு. ஒலிகளின் இயல்பான கூட்டு அன்று. மரபு ழகரத்தை ரகரத்தோடு வைத்தது. ளகரத்தை லகரத்தோடு வைத்தது. ஒலியியலும் இதனையே ஏற்கிறது. ல, ள இரண்டிலும் நா மேல்வாயைத் தொடுகிறது. தொடும் இடமே வேறு. ழகரத்தில் நுனிநா மேலெழுந்து பின்னோக்கி வளைகிறது. ஆனால் அண்ணத்தில் படிந்து வழியை அடைப்பதில்லை.

ழகரத்தை ளகரத்திலிருந்து கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியர் மாணவரின் நாவை அண்ணத்தில் ஒட்டவைத்த பின் ‘இன்னும் அழுத்திச் சொல்’ என்கிறார். அழுத்தம் கூடக்கூட ளகரமே வலுப்பெறும், ழகரம் தோன்றாது. மாறாக, மாணவர் நாள்தோறும் பேசும் ஆங்கிலத்தில் உள்ள ரகரம் நா அண்ணத்தைத் தொடாமலேயே பிறக்கிறது. அதிலிருந்து தொடங்கி நுனியை மேலும் பின்னே வளைக்கச் சொன்னால் ழகரத்தை அணுகலாம். ‘தொடாதே’ என்னும் ஒரு சொல் ‘சிறப்பு ழகரம்’ என்னும் பெயரைவிட இங்கு மிகுதியாகப் பயன்படும்.

ளகரத்துக்குத் தனியே பயிற்சி தேவை. மலாயில் மருங்கொலி ஒன்றே உண்டு. கந்தோனீசிலும் ஒன்றே. மலாயிலும் ஆங்கிலத்திலும் உரையாடி வளரும் குழந்தைக்குப் பல்லிக்கும் பள்ளிக்கும் இடையேயான வேறுபாடு தானே வாய்க்காது. அது சோம்பலோ மொழிப்பற்றின்மையோ அன்று; அதன் செவிக்கு அவ்வேறுபாட்டைக் கேட்கும் வாய்ப்புக் குறைவு என்பதே காரணம்.

றகரமும் னகரமும்: எது பிழை?

எல்லா வேறுபாட்டையும் ஒரே அளவுகோலால் அளக்க இயலுமா என்பது அடுத்த வினா. அரை, அறை ஆகிய சொற்களை வேறுபடுத்தி ஒலிக்குமாறு மாணவர் கேட்கப்படுகின்றனர். இன்றைய தமிழ்ப் பேச்சு வழக்குகள் பெரும்பாலானவற்றில் உயிர்களுக்கிடையே ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன. கன்னியாகுமரி வழக்குப் போன்றவை விலக்கு. ஆசிரியரின் இயல்பான பேச்சிலும் இவ்வேறுபாடு பெரும்பாலும் இல்லை. வகுப்பறையில் அவர் செயற்கையாக அதிரவைக்கும் றகரம் வீட்டுக்குத் திரும்புமுன் மறைந்துவிடுகிறது.

பழைய றகரம் வல்லினம் எனப்பட்டதன் காரணத்தை அறிய இரட்டித்த வடிவத்தை நோக்க வேண்டும். ‘காற்று’ என்பதை யாழ்ப்பாணத்தார் ஒலிக்கும்போது தகரத்துக்கும் டகரத்துக்கும் இடையே, பல்லின் ஈற்று மேட்டில் நா அடைத்து விடுபடுகிறது. மலையாளத்திலும் இவ்வொலி உண்டு. அதுவே ஆறாவது வல்லெழுத்து. திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து கங்காணி முறையில் வந்த தொழிலாளரின் பேச்சில் அது ‘காத்து’ ஆயிற்று. புகைவண்டித் துறையிலும் அரசு அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்தாரும், தோட்ட அலுவலகங்களில் யாழ்ப்பாணத்தாரோடு மலையாளிகளும் எழுத்தர்களாகப் பணியாற்றினர். எனவே ஒரே தோட்டத்தில் கிராணியின் காற்றும் பால்மரம் சீவுவோரின் காத்தும் அருகருகே ஒலித்திருக்கும். இவ்வேறுபாடு கடன்சொல் எழுத்திலும் புலனாகும். மின்கலத்தை நாம் ‘பேட்டரி’ என எழுத, ஈழத்தவர் ‘பற்றறி’ என எழுதுவர். ஆங்கில ஒலி ஒன்றே. அதனை ஏற்ற வாய்களின் ஒலியிடங்கள் வேறு.

நகர னகரத்தின் நிலையும் இத்தகையதே. இன்று மொழிமுதலில் பலர் இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கின்றனர். தகரத்துக்கு முன்னும் மொழிமுதலிலும் நகரம், பிற இடங்களில் னகரம் என்பது பெரும்பான்மை விதி. முந்நூறு, அந்நாள் போன்ற சிலவே விலக்கு. இதனை எழுத்து விதியாகக் கற்பிப்பதே முறை. ஆனால் மணம், மனம். பணி, பனி ஆகிய இணைகளில் ணகர னகர வேறுபாடு பொருளைத் தாங்கி நிற்கிறது. அது செவிப்பயிற்சிக்கு உரியது. முன்னதைச் செவிக்கும் பின்னதை ஏட்டுக்கும் மாற்றிவைத்துத் தேர்வு நடத்துவது நம் வகுப்பறையின் அடிப்படைக் குழப்பமாகும்.

தோட்டம் போன பின்

இக்குழப்பம் முன்னரும் இருந்தது. எனினும் அதனால் விளைந்த தீங்கு குறைவு. தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938-இல் தடுத்த பின்னும், தோட்டம் நெடுங்காலம் ஒரு தமிழ்ப் பேச்சுலகமாகவே நீடித்தது. பெரட்டுக் களத்திலும், ஆயாக் கொட்டகையிலும், கோயில் திருவிழாவிலும், லயத்து வாசலிலும் குழந்தை பல ஊர் வழக்குகளைக் கேட்டது. பள்ளி நாவின் இடத்தைக் கூறாவிடினும் தோட்டம் கேட்கும் வாய்ப்பைக் கொடுத்தது. ரப்பர் செம்பனையாகி, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் தாமான்களில் குடியேறிய பின் அவ்வாய்ப்புச் சுருங்கியது. முன்னர்ச் செவியே செய்த பணியை இனி விளக்கமே செய்ய வேண்டும்.

மதிப்பீட்டு முறையும் மாறியுள்ளது. 2021-இல் ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. அதன்பின் தொடக்கப்பள்ளியில் வகுப்புசார் மதிப்பீட்டின் எடை கூடியது. கேட்டலும் பேச்சும் அதனுள் அடங்கும். ஆகவே ஆசிரியரின் செவியே அளவுகோலாகிறது. அவ்வளவுகோல் தன் வாயிலேயே இல்லாத வேறுபாட்டை மாணவரிடம் எதிர்பார்த்தால், தோட்டத்து வழக்கைப் பேசும் பாட்டியின் பேரக்குழந்தை ‘தமிழ் சரியாக வராதவர்’ எனக் குறிக்கப்படும். அக்குறிப்பு அக்குழந்தை மட்டுமன்றி அக்குடும்பம் பேசிய மூன்று தலைமுறைத் தமிழின் மீதும் விழுகிறது. உச்சரிப்புத் திருத்தம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. திருத்துவோர் எதனை, ஏன், எவ்வாறு திருத்துகிறோம் என அறிந்திருக்க வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில முடிபுகளை வகுக்கலாம். எழுத்துகளின் பிறப்பைக் கற்பிக்கும்போது நெஞ்சு, மூக்கு, கழுத்து என்னும் வாய்பாட்டோடு நில்லாமல் நா, பல், அண்ணம், இதழ் ஆகியவற்றின் செயலையும் சேர்த்துக் கூற வேண்டும். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்னும் பெயர்களை வகுப்பறைக்கு மீட்டுக் கொணர வேண்டும். லகர ளகரத்தை ஓரிணையாகவும், ழகரத்தை ரகரத்தின் அயலாகவும் வைத்துப் பயிற்றுவிக்க வேண்டும். ரகர றகர, நகர னகர வேறுபாடுகளை முதன்மையாக எழுத்தறிவாகவும், ல-ள-ழ, ண-ன வேறுபாடுகளைப் பேச்சறிவாகவும் கொண்டு மதிப்பிட வேண்டும்.

இன்னொரு பணியும் எஞ்சியுள்ளது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1966-இல் இராம சுப்பையாவின் கீழ்ப்பேராக் தமிழ் வழக்குகள் பற்றிய ஆய்வை வெளியிட்டது. அதன் பெயரே காட்டுவதுபோல் அது சொற்களை நோக்கிய ஆய்வு. அதே நிலப்பகுதியில் ஒலிகளை நோக்கிய ஆய்வும் விரிவாக நிகழ வேண்டும். ‘காத்து’ என்றும் ‘காற்று’ என்றும் ஒலித்த தோட்டத் தலைமுறையினர் இன்று முதுமையில் உள்ளனர். ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவர்கள் தத்தம் ஊர் முதியோரின் பேச்சைப் பதிவு செய்து, நாவிடத்தைக் குறித்து, ஒப்பிட்டுக் கற்பார்களாயின் அது ஒருங்கே ஆய்வாகவும் பயிற்சியாகவும் அமையும். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம் போன்ற ஆசிரியர் கல்வி நிறுவனம் இம்மாநிலத்திலேயே இருப்பது இதற்கு வாய்ப்பாகும். அவ்வாறு பயின்று வரும் ஆசிரியர், ‘வாலைப்பலம்’ என வாசிக்கும் மாணவரிடம் எழுத்தின் பெயரைத் திரும்பக் கூறாமல், நாவை எங்கே வைக்க வேண்டும் என்று கூற வல்லவராவார்.